ஆளில்லாத தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணம்: பணம் கட்டும் முன் சில சட்ட விஷயங்கள்

ஜெர்மனியில் வேலை செய்யும் ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

செப்டம்பரில் குடும்பத்தோடு ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போகிறார்கள். அவர், கணவர், 9 வயது மகன், 5 வயது மகள், ஊரிலிருந்து விசாவில் வரும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு 69 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். மயோர்காவுக்குத் தெற்கே உள்ள கப்ரேரா என்ற தீவுக்கு ஒரு நாள் போய்வர ஆசைப்படுகிறார்கள். ஹோட்டல், கடை, கார் எதுவும் இல்லாத தீவு.

போக மூன்று வழி கண்டுபிடித்திருக்கிறார். முதலாவது, கொலோனியா தெ சான்ட் ஜோர்டி என்ற சிற்றூரிலிருந்து போகும் சுற்றுலாப் படகு. இரண்டாவது, லைசென்ஸ் இல்லாமலே வாடகைக்குக் கிடைக்கும் சின்ன மோட்டார் படகு. "கணவர் தூத்துக்குடிக்காரர், சின்ன வயதிலேயே வல்லத்தில் போய்ப் பழகியவர், ஓட்டிவிடுவார்" என்கிறார். மூன்றாவது, இணையத்தில் அறிமுகமான ஒரு தனிநபர். 450 யூரோ கொடுத்தால் தன் சொந்தப் படகில் குடும்பத்தை மட்டும் கூட்டிப்போவாராம், மீதிப் பணத்தைக் கையில் தர வேண்டுமாம். அவருக்கு 60 யூரோ முன்பணமும் போய்விட்டது.

கேள்விகள் இவை. எது நல்லது? வானிலை கெட்டால் பணம் திரும்பி வருமா? 14 நாளுக்குள் கேன்சல் செய்யும் உரிமை எப்படியும் உண்டுதானே? படகு தாமதமானால் விமானத்துக்குப் போல இழப்பீடு கிடைக்குமா? ஆளில்லாத தீவுதானே, விருப்பப்பட்ட இடத்தில் இறங்கிக் குளிக்கலாம், மீன் பிடிக்கலாம், மகன் ட்ரோன் பறக்கவிடலாம் அல்லவா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிவானால் மற்றவை சுலபம்.

கப்ரேராவில் ஹோட்டல் இல்லாததற்குக் காரணம், அங்கே கட்ட யாரும் நினைக்கவில்லை என்பதல்ல. கட்டவிடவில்லை. 1916இல் ஸ்பெயின் ராணுவம் அந்தத் தீவை உடைமையாளர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. மயோர்காவின் கடற்கரைகளில் வரிசையாக ஹோட்டல்கள் எழும்பிய காலம் முழுக்க இது ராணுவத்தின் கையில் கிடந்தது. 1991 ஏப்ரலில் தனிச் சட்டம் போட்டு, சுற்றியுள்ள குட்டித் தீவுகளையும் கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அப்போது சுமார் 10,000 ஹெக்டேர்; 2019இல் விரித்து 90,000 ஹெக்டேருக்கு மேலாக்கினார்கள். பெரும்பகுதி கடல்தான். ஆளில்லை என்பதால் விதியில்லை என்று நினைத்துவிட்டீர்கள். மயோர்காவின் ஊர்க் கடற்கரை எதையும்விட இங்கே விதிகள் அதிகம், அந்த விதிகளால்தான் நீங்கள் படத்தில் பார்த்து மயங்கிய தண்ணீர் அப்படி இருக்கிறது.

ஆகவே மீன்பிடிப்பு கிடையாது. ஸ்பெயினின் தேசியப் பூங்காக்களில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கே தடை. தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ட்ரோனும் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. 250 கிராமுக்குக் குறைந்த பொம்மை மாதிரி ட்ரோன்தானே என்பீர்கள். கேமரா இருந்தால் ஐரோப்பிய விதிப்படி அதை இயக்குபவர் பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும், பூங்காத் தடை அதற்கு மேல் தனி. நங்கூரம் போடுவதும் நடக்காது. அடியில் பொசிடோனியா என்ற கடற்புல் இருக்கிறது. பாசி போலத் தெரிந்தாலும் பூத்துக் காய்க்கும் தாவரம், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு நங்கூரம் இழுத்துக்கொண்டு போன தடம் ஆற ஒரு மனித ஆயுள் போதாது. அதனால் சொந்தப் படகில் வருபவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கி, பூங்கா போட்டுவைத்த மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். இரவு தங்கும் மிதவைகள் மொத்தமே 50.

அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வரட்டும், தடையில்லை. துறைமுகத்தில் சின்ன கன்டீன் ஒன்று இருக்கிறது, ஆனால் ஆறு பேர் சாப்பாட்டுக்கு அதை நம்ப வேண்டாம். நீங்கள் பையைத் திறந்ததும் கருத்த பல்லிகள் வந்துவிடும். செருப்பின் மேல் ஏறும், டப்பா மூடியை நக்கிப் பார்க்கும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஒரு பருக்கையும் போட விடாதீர்கள். மயோர்கா பெருந்தீவில் இந்த இனம் எப்போதோ அழிந்துவிட்டது; இப்படிப்பட்ட சிறு தீவுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பைக்குள் ஒரு கவர் வையுங்கள். கல், சங்கு, செடி எதையும் எடுக்கக் கூடாது என்பதை மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள், படகில் ஏறும்போது சொன்னால் அழுகைதான்.

சரி, உங்கள் மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

லைசென்ஸ் இல்லாத வாடகைப் படகு

இதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பெயினில் 5 மீட்டர் நீளமும் 15 குதிரைத்திறனும் தாண்டாத மோட்டார் படகை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்பது உண்மை. விளம்பரம் அதோடு நிறுத்திக்கொள்ளும். அதே விதியில் இன்னும் இரண்டு நிபந்தனை உண்டு: பகலில் மட்டும், துறைமுகத்திலிருந்தோ ஒதுங்கும் இடத்திலிருந்தோ 2 கடல் மைலுக்குள் மட்டும். அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர். கப்ரேரா மயோர்காவின் தென்கோடி முனையிலிருந்தே 10 கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கிறது, நீங்கள் கிளம்பும் ஊரிலிருந்து இன்னும் தூரம். நடுக்கடலில் அந்த 2 மைல் எப்போதோ முடிந்திருக்கும்.

உங்கள் கணவரின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. வல்லத்தில் போனவருக்குக் கடல் தெரியும். ஆனால் இங்கே சோதனைக்கு வருபவர் கேட்பது காகிதத்தை. வாடகை ஒப்பந்தத்திலும் எந்த எல்லைக்குள் ஓட்டலாம் என்று எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டி ஒரு பாறையில் இடித்தால் காப்பீட்டு நிறுவனம் கைகழுவ முதல் காரணம் அதுதான். ஸ்பெயினில் படகுகளுக்குக் கட்டாயமான காப்பீடு மற்றவர்களுக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கானது. வாடகைப் படகுக்கு ஆன சேதத்துக்கு உங்கள் டெபாசிட், அதற்கு மேல் உங்கள் பை.

கணவருக்குப் படகு ஓட்டியே ஆக வேண்டும் என்றால், வேறொரு நாள் விரிகுடாவுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் எடுத்து ஓட்டட்டும். ஆசையும் தீரும், சட்டமும் மீறாது.

கையில் பணம் கேட்கும் தனிநபர்

மத்தியதரைக் கடல் ஊர்களில் இது பழைய கதை. சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த படகில், "நண்பர்களை" ஏற்றிக்கொண்டு காசு வாங்குவது. உங்கள் ஆள் அப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்.

ஸ்பெயினில் பதிவான படகின் முன்பக்கம் ஓர் எண் எழுதியிருக்கும். அதன் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 7 என்றால் சொந்தப் பொழுதுபோக்குக்கான படகு. 6 என்றால் வாடகைக்கு விட அனுமதிக்கப்பட்ட பட்டியல். பெரிய பயணிகள் படகுகள் பொதுவாக 2இல் வரும். அடுத்துள்ள எழுத்துகள் பி.எம். என்றிருந்தால் மயோர்காவின் தலைநகர் பால்மாவில் பதிவானது. அவர் அனுப்பிய புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கிற படகென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அப்போது வாடகைக்கு விடும் அனுமதியின் நகலைக் கேளுங்கள்.

இன்னும் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். கப்ரேராவுக்குள் நுழையவும் மிதவையில் கட்டவும் எங்கள் தேதிக்கு அனுமதி இருக்கிறதா? படகு ஓட்டுபவருக்குத் தொழில்முறைச் சான்றிதழ் உண்டா? பயணிகளுக்குக் காப்பீடு உண்டா? ஒழுங்காகத் தொழில் செய்பவர் பத்து நிமிடத்தில் நகல் அனுப்புவார். "கவலைப்படாதீர்கள், பத்து வருடமாகப் போகிறேன்" என்று பதில் வந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

450 யூரோ போவது பெரிய ஆபத்தில்லை. அப்பாவுக்கு நடுக்கடலில் நெஞ்சு வலித்து, படகில் ரேடியோ வேலை செய்யாமல், பிறகு காப்பீட்டு நிறுவனம் "எந்தப் படகில் போனீர்கள், ரசீது எங்கே" என்று கேட்டால் உங்கள் கையில் என்ன இருக்கும்? அதை யோசியுங்கள்.

சுற்றுலாப் படகு

நான் சொல்வது இதைத்தான். வேகப்படகுகள் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும், பெரிய படகுகள் கூடுதல் நேரம் எடுக்கும், ஆனால் கழிப்பறையும் நிழலும் இருக்க வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்குத் தெரிந்தவரை பெரிய படகே நல்லது. தீவுக்குள் நுழையும் அனுமதி, எங்கே கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. திரும்பும்போது பெரும்பாலான படகுகள் கோவா பிளாவா என்ற கடற்குகைக்குள் நுழையும். பிற்பகல் வெயில் தண்ணீருக்குள் இறங்கி குகையே நீலமாகும், அதனால்தான் அதைத் திரும்பும் வழியில் வைத்திருக்கிறார்கள்.

அதே பிற்பகலில்தான் காற்றும் எழும். கோடையில் காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் கடலில் மதியத்துக்கு மேல் எம்பாட் என்கிற கடற்காற்று வீசும். அம்மாவுக்குக் குமட்டல் போகும்போது இல்லை, வரும்போதுதான். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

காற்றுக்கும் இந்தத் தீவுக்கும் உள்ள உறவு கொஞ்சம் கொடூரமானது. 1808இல் பைலன் போரில் தோற்ற நெப்போலியனின் வீரர்களை ஆயிரக்கணக்கில் 1809 முதல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கூரை கிடையாது, மெலிந்த ஓர் ஊற்றுதான் குடிநீர். சாப்பாடு பால்மாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் கெட்டுக் கப்பல் வராத நாட்களில் பட்டினியில் செத்தார்கள். 1814இல் மிஞ்சியவர்களை அழைத்துப் போனார்கள். அவர்கள் நினைவுக்கல்லுக்குக் குழந்தைகளோடு நடந்து போகலாம். கோட்டைக்கும் போகலாம், ஆனால் அது ஏற்றம், நிழலில்லை, அப்பா கீழே உட்கார்ந்துகொள்வது நல்லது. வேறு சில பாதைகளில் அனுமதியின்றிப் போக முடியாது, இறங்கியதும் பூங்கா ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் திரும்புமா?

இங்கேதான் நீங்கள் தவறாக நம்பியிருப்பது அதிகம். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் திருப்பித்தரும் ஐரோப்பிய உரிமை சட்டைக்கும் செருப்புக்கும் உண்டு. குறிப்பிட்ட தேதிக்கு பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைக்கு இல்லை, 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்திலேயே அந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. கப்பல் பயணிகளுக்கும் 2010இல் இயற்றிய இழப்பீட்டு விதி உண்டு, ஆனால் உல்லாசச் சுற்றுப் படகுகள் அதிலும் விலக்கு. 24 மணி நேரத்துக்குக் குறைந்த, இரவு தங்காத பயணம் என்பதால் பேக்கேஜ் டூர் சட்டத்தின் பாதுகாப்பும் வராது. அப்புறம் என்னதான் இருக்கிறது என்றால், நீங்கள் டிக் போட்ட விதிமுறைகளும் சாதாரண ஒப்பந்தச் சட்டமும்.

எனவே யார் ரத்து செய்கிறார் என்பதுதான் எல்லாம். துறைமுகத்தை மூடினாலோ, கேப்டன் போக முடியாது என்றாலோ, தராத சேவைக்குக் காசு வாங்க முடியாது. பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு வேறு நாள் தர வேண்டும். வவுச்சர்தான் தருவோம் என்றால், பணமே வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் அங்கே வர ஆன டாக்ஸிக்கும் வாடகைக் காருக்கும் கேட்க முடியாது, காற்று அவர்கள் குற்றமில்லை. மாறாக, வானம் கருத்திருப்பதைப் பார்த்து நீங்களே போக வேண்டாம் என்று முடிவெடுத்தால், படகு கிளம்பிவிட்டது என்றால், பணம் போனது போனதுதான். பயந்துபோய் முதல் நாள் இரவே கேன்சல் செய்து நஷ்டப்படுபவர்கள் நிறைய. இலவசமாகக் கேன்சல் செய்யும் கெடு எத்தனை மணி என்று பாருங்கள், அதற்குள் முடிவெடுக்க முடியவில்லை என்றால் காலையில் அவர்கள் அழைப்புக்குக் காத்திருங்கள்.

மூன்றாவது நிலைமையில்தான் சண்டை வரும்: படகு போகிறது, ஆனால் அலையால் குகையை விட்டுவிடுகிறார்கள். "வானிலைக்கேற்ப வழி மாறலாம்" என்று விதிமுறையில் இருக்கும், பாதுகாப்புக்காக மாற்றினால் நான் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். தீவிலேயே இறங்கவில்லை என்றால் அது வேறு. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க நியாயம் உண்டு.

கேட்கும் முறை சொல்கிறேன். பதிவு செய்யும்போது விதிமுறைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தகராறு என்றால் டிக்கெட் கவுண்டரில் "ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்" கேளுங்கள். அதிகாரபூர்வப் புகார்ப் படிவம், நுகர்வோருக்குச் சேவை தரும் கடைகளும் நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும். பெயரைச் சொன்னதுமே பலருக்கு ரீஃபண்ட் ஞாபகம் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதிலும் தீராவிட்டால், நீங்கள் ஜெர்மனியில் வசிப்பதால் கேல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக ஸ்பெயின் தரப்போடு பேசித் தரும். அதற்கு மறுபக்கம் பெயரும் முகவரியும் உள்ள ஒரு நிறுவனம் இருக்க வேண்டும்.

அப்பா, அம்மா

அப்பா போகலாமா என்பதை அவர் இதய மருத்துவர் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. என் பங்கு காப்பீடு. ஷெங்கன் விசாவுக்காக எடுத்த பாலிசி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கும், ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன விதி என்று அந்த நீளமான ஆவணத்தில் தேடிப் படியுங்கள். ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். "கேட்டார்களா, இல்லையே" என்பது பிறகு செல்லாது. மருந்துகளின் மூலப்பெயர்களோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம். உங்கள் நால்வரின் ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை. அது அரசு மருத்துவமனைக்குத்தான் செல்லும், சுற்றுலா ஊர்களில் ஹோட்டல்காரர்கள் கூப்பிட்டு அனுப்புவது பெரும்பாலும் தனியார் கிளினிக்குக்கு.

தீவில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். அவசரத்துக்கு 112, கடலில் என்றால் ஸ்பெயின் கடல் மீட்புப் படையின் எண் 900 202 202. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மகளின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

அம்மா கடைசியில் வர மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். கொலோனியாவிலேயே கப்ரேராவுக்கான பார்வையாளர் மையம் இருக்கிறது, மீன் தொட்டிகளோடு. அல்லது இன்னொரு நாள் எல்லோருமாக மேற்குக் கோடியில் சான்ட் எல்ம் ஊருக்குப் போங்கள். அங்கிருந்து டிராகொனேரா தீவு கால் மணி நேரம்தான். அதுவும் வெறுந்தீவு, 1977இல் அங்கே வீடுகள் கட்டத் திட்டம் போட்டபோது இளைஞர்கள் தீவில் போய் உட்கார்ந்துகொண்டு போராடினார்கள், 1995இல் இயற்கைப் பூங்காவானது. எனக்கென்னவோ உங்கள் குடும்பத்துக்கு இதுவே போதும் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் கேட்டது கப்ரேரா, அதனால் விட்டுவிடுகிறேன்.

இனி அந்த 60 யூரோ. இன்றே அவருக்கு எழுதுங்கள்: "அனுமதி, சான்றிதழ், காப்பீடு ஆகியவற்றின் நகலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் பதிவை ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்புங்கள்." கெடு முடிந்ததும், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேளுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பியிருந்தால் திரும்புவது கஷ்டம். அப்படியென்றால் 60 யூரோவோடு நிறுத்திக்கொண்டு, மீதி 390இல் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் போடுங்கள். தங்கப்போகும் வாரத்தின் முதல் நாட்களில் ஒன்றுக்குப் போடுங்கள், காற்றடித்தால் தள்ளிவைக்க நாள் மிச்சமிருக்கும்.